லேமினேட் செய்த நாலு கோடி

கலர் பிரிண்டுக்கு 20 ரூபாய், லேமினேஷனுக்கு 15 ரூபாய். இந்த 35 ரூபாயை வாங்கிக்கொண்டு, நான்கு கோடி ரூபாய்ப் பரிசுக்கான சான்றிதழ் ஒன்றை என் கையாலேயே லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன். 2008-ல். மெஷினிலிருந்து வந்த தாள் சூடு ஆறும்வரைகூட அண்ணாச்சி பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து வாங்கி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மேலே தங்க நிறத்தில் ஒரு முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து, நடுவில் அவர் பெயர். பெயரில் ஓர் எழுத்துத் தப்பாக இருந்தது. "டீச்சர், இதை நாம திருத்திரலாமா?" என்று கேட்டார். "அவங்க கொடுத்ததை நாம திருத்தக் கூடாது அண்ணாச்சி" என்றேன். அவ்வளவு நேர்மை எனக்கு!

கடை கோவில்பட்டியில் இருக்கிறது. அப்பா காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் பரீட்சைக்குக் காலை ஆறு மணியிலிருந்து பிள்ளைகள் பேட்ச் பேட்சாக வந்து தட்டுவார்கள். அப்பாவுக்குப் பிறகு நான் எடுத்து நடத்தினேன். 2002-ல் ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டை மாற்றினேன். போர்டு மாறினாலும் ஊருக்கு நான் டீச்சர்தான்.

இன்ஸ்டிடியூட் நாளிலேயே ஜாப் டைப்பிங்கும் உண்டு. வக்கீல் நோட்டீஸ், பாகப்பிரிவினை, மேலதிகாரி மீது மொட்டைப் பெட்டிஷன், பெண்ணுக்கு வரன் தேடும் பயோடேட்டா எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். "அடிக்கிறவ கண்ணு எழுத்தை மட்டும்தான் பாக்கணும். விஷயத்தைப் பாக்கக் கூடாது." ஊர் ரகசியத்தில் பாதி எங்கள் கார்பன் தாள்களில் கிடந்தது. ஒன்றுகூட வெளியே போனதில்லை. பிரவுசிங் சென்டரிலும் அதே சட்டத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்குப் பின்னால் யார் என்ன பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தது கிடையாது. (தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றெல்லாம் மத்திய அரசு விதி போட்டது 2011-ல்தான். அதுவரை என் கடைத் தடுப்பு ஆளுயரம்.)

அண்ணாச்சி ஒரு தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் துபாயில். அந்தப் பையனோடு தொடர்பு வைத்துக்கொள்ள யாஹூவில் அவருக்கு முகவரி தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவார். "பையன் லெட்டர் போட்டிருக்கானான்னு பாருங்க டீச்சர்." நான் படிப்பேன், அவர் பதில் சொல்வார், நான் அடிப்பேன். அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய்.

அவருக்கு ஒரே ஒரு பழக்கம் இருந்தது. லாட்டரி. அண்ணா காலத்தில், 1968-ல், அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்றிலிருந்து 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனைக்குத் தடை போடும்வரை, டீ குடிப்பதுபோலச் சீட்டு வாங்கியிருக்கிறார். விழாத சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கணக்குப்பிள்ளை இல்லையா, எதையும் தூர எறிய மாட்டார். அவருக்கு வந்த மின்னஞ்சலைப் புரிந்துகொள்ள இந்த டின்னும் வேண்டும். சீட்டே வாங்காத லாட்டரியில் பரிசு எப்படி விழும் என்று அவரிடம் கேட்டால் பதில் தயாராக இருந்தது: "முப்பத்தஞ்சு வருஷம் வாங்கியிருக்கேன்லா?"

அந்த ஞாயிறு, பையன் கடிதத்துக்கு மேலே முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு வாழ்த்து வந்து கிடந்தது. பிரிட்டனின் நேஷனல் லாட்டரி, உலகம் முழுக்க உள்ள மின்னஞ்சல் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டதாகவும், அதில் அண்ணாச்சியின் முகவரி விழுந்ததாகவும், பரிசு ஐந்து லட்சம் பவுண்ட் என்றும் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு ஒரு பவுண்ட் சுமாராக எண்பது ரூபாய். பெருக்கலை அவர் மனசிலேயே போட்டுவிட்டார்.

டைப்ரைட்டிங் டீச்சரின் கண் அந்தக் கடிதத்தை அப்போதே ஃபெயில் ஆக்கிவிட்டது. ஹையர் பரீட்சையின் இரண்டாம் தாளில் ஆபீஸ் கடிதம் அடிக்க வேண்டும். அனுப்புநர், தேதி, பெறுநர் பெயர், முகவரி, பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. இதில் பெறுநரே இல்லை. 'அன்பார்ந்த வெற்றியாளரே' என்று தொடங்கியது. ஆளுக்குப் பெயர் இல்லாத கடிதத்தில் பேட்ச் நம்பர், ரெஃபரன்ஸ் நம்பர், டிக்கெட் நம்பர், சீரியல் நம்பர் என்று எண்கள் மட்டும் நாலு வரி. கமாவுக்குப் பிறகு சில இடத்தில் இடைவெளி, சில இடத்தில் இல்லை. பவுண்ட் அடையாளத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பவுண்ட் என்று எழுத்திலும் எழுதியிருந்தார்கள். என்னிடம் படிக்கிற பிள்ளை அடித்திருந்தால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. இரட்டைக் கோரிக்கையைத் தவிர்க்கும் பொருட்டு, பரிசு கைக்கு வரும்வரை இந்தத் தகவலை யாரிடமும் வெளியிட வேண்டாம் என்று. அதைத் தமிழில் சொன்னதும் அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரிய வேண்டாம் டீச்சர். வீட்லயும் சொல்லல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் வாயிலேர்ந்து போகாது அண்ணாச்சி." அப்பாவின் சட்டம்.

பெயர், முகவரி, வயது, தொழில், போன், வங்கிக் கணக்கு எண் என்று கேட்டிருந்த எல்லாவற்றையும் நான்தான் அடித்து அனுப்பினேன். அவர் சொன்ன ஆங்கிலத்தில் இருந்த பிழைகளையும் திருத்தினேன். மறுநாளே ஒருவர் போனில் கூப்பிட்டாராம். நம்பர் 44-ல் தொடங்கியதால் லண்டன்தான் என்று அண்ணாச்சிக்குச் சந்தேகமில்லை. 44-க்குப் பிறகு 70 என்று வந்தால் அது பிரிட்டனில் 'பர்சனல் நம்பர்' என்கிற வகை. உலகத்தில் எந்தப் போனுக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேசியவர் லண்டனில் இருந்தாரோ, டெல்லியில் வாடகை அறையில் இருந்தாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் கூரியருக்கும் இன்சூரன்ஸுக்கும் என்று 18,500. அடுத்து, காசோலையோடு வந்த அதிகாரியை டெல்லி விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லி 42,000. அதன் பிறகு பவுண்டை ரூபாயாக்க ரிசர்வ் வங்கிக்கு 95,000. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி. பணம் லண்டனுக்குப் போகவில்லை. நம் நாட்டு வங்கிகளிலேயே, மூன்று ஊர்களில் இருந்த மூன்று தனி ஆட்களின் சேவிங்ஸ் கணக்குகளில் அண்ணாச்சி சலான் எழுதிக் கட்டியிருக்கிறார். ரிசர்வ் வங்கிக்கு என்று சொன்ன பணம்கூட யாரோ ஒரு தனி ஆள் பேரில்தான் போயிருக்கிறது. முதல் பணம் கட்டிய பிறகுதான் அந்தச் சான்றிதழ் வந்ததும், நான் அதை லேமினேட் செய்ததும்.

எனக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, கடைக்குள் வந்து, எதுவும் பேசாமல் ஒரு நோட்டை மேஜைமேல் விரித்து வைத்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பீரோவைத் திறந்திருக்கிறார். சங்கிலியும் வளையலுமாகப் பத்துப் பவுனைக் காணோம். லண்டன் பவுண்டுக்காக வீட்டுப் பவுன் அடகுக்குப் போயிருந்தது.

மதினி விரித்து வைத்த நோட்டு அண்ணாச்சியின் கணக்குச் சிட்டை. நடுவில் சிவப்பு மையில் கோடு. செலவுப் பக்கத்தில் 18,500, 42,000, 95,000 என்று தேதியோடு மூன்று வரி. வரவுப் பக்கத்தில் ஒரே வரி: லண்டன் பாக்கி, 4,00,00,000. முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. மதினி அந்த வரியில் விரலை வைத்து, "இது என்ன கணக்கு டீச்சர்? உங்ககிட்டதானே வந்துட்டுப் போறாக?" என்று கேட்டார்.

மதினியை உட்கார வைத்து, அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்ததும், கம்ப்யூட்டரில் இருந்த கடிதங்களை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்துத் தமிழில் சொன்னேன். தனியாக அவர் காதில் மட்டும் விழுந்தபோது ராஜாங்கக் கடிதம்போல இருந்தது, மதினி கேட்கக் கேட்க வேறு மாதிரி ஆனது. 'பயங்கரவாதத் தடுப்புச் சான்றிதழ்' என்று ஒன்று கேட்டிருந்தார்கள். மதினி, "நீங்க என்ன குண்டா வச்சீக?" என்றார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதும் அவருக்கு நம்பிக்கை முழுதாக விடவில்லை. "அவங்க கேக்கிறதைப் பரிசிலேயே பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்வோமே டீச்சர்" என்றார். கணக்குப்பிள்ளை மூளை அங்கேதான் கடைசியில் வேலை செய்தது. அப்படியே அடித்து அனுப்பினேன். மறுநாள் பதில்: பரிசுத் தொகை முழுவதும் இன்சூரன்ஸ் பத்திரத்தில் கட்டப்பட்டிருப்பதால், உங்கள் கையில் சேரும்வரை அதிலிருந்து ஒரு பைசாவும் எடுக்க முடியாது, வருந்துகிறோம். பிற்பாடு எத்தனையோ பேரின் கடிதங்களில் இதே பதிலை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் பார்த்துவிட்டேன். ஒரு பரிசு நிஜமா பொய்யா என்று யார் கேட்டாலும் நான் சொல்கிற முதல் வழி இதுதான். பரிசிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிஜமான லாட்டரி அப்படித்தான் நடக்கிறது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போய்க் கேரளச் சீட்டு வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. விழுந்தால் கையில் இருக்கும் சீட்டைக் காட்டி, முப்பது நாளைக்குள் கோர வேண்டும். பெரிய தொகை என்றால் 30 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வரியை முதலில் கட்டிவிட்டு வா என்று அந்த அரசாங்கம் யாரிடமும் சொன்னதில்லை. பிரிட்டனின் அசல் நேஷனல் லாட்டரி 1994-லிருந்து நடக்கிறது. அங்கேயும் சீட்டு வாங்கியவருக்குத்தான் பரிசு; மின்னஞ்சல் முகவரியைக் குலுக்குகிற வேலையே கிடையாது. இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு லாட்டரியில் சேருவதற்கு இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதையே 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. ரிசர்வ் வங்கி 2010 மே மாதம் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பரிசு என்று ஆசை காட்டி, பிராசஸிங் கட்டணம், வரி, மாற்றுக் கட்டணம் என்று சொல்லி, தனி ஆட்கள் பெயரில் பல கிளைகளில் உள்ள கணக்குகளில் பணம் கட்ட வைத்து, உடனே எடுத்துவிடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. படித்தபோது அண்ணாச்சியின் சிட்டையை யாரோ ஆங்கிலத்தில் எழுதினதுபோல இருந்தது. இரண்டு வருஷம் பிந்தி வந்தது.

மதினி வந்துபோன அன்று ராத்திரி கடையை அடைத்த பிறகு முதல் மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தபால் உறையைத் திருப்பிப் பார்ப்பதுபோல மின்னஞ்சலையும் திருப்பிப் பார்க்கலாம். யாஹூவில் 'ஃபுல் ஹெடர்ஸ்' என்று இருந்தது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்று இருக்கும். அனுப்பியவர் என்ற இடத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், உறையில் யார் பெயரையும் எழுதிப் போடுவதுபோல. 'ரிப்ளை-டூ' என்ற வரியில்தான் பதில் எங்கே போகும் என்பது தெரியும். மேலே லாட்டரி நிறுவனத்தின் பெயர், ரிப்ளை-டூ வரியில் யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச முகவரி. 'பெறுநர்' இடத்தில், பெயர் வெளியிடப்படாத பலர் என்று இருந்தது. ஐந்து லட்சம் பவுண்ட் ஜெயித்த ஒரே ஆளுக்கு வந்த கடிதம், அதே நிமிஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குப் போயிருக்குமோ.

இந்தத் தொழிலுக்கு நைஜீரியச் சட்டத்தின் 419ஆம் பிரிவை வைத்து உலகம் முழுக்க '419' என்றுதான் பெயர். நம்முடைய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் 419 ஆள்மாறாட்ட மோசடிக்கான பிரிவுதான், நமக்கு நன்றாகத் தெரிந்த 420-க்குப் பக்கத்து வீடு. நைஜீரியர்கள் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணாச்சியின் பணம் போன மூன்று கணக்குகளும் இந்தியப் பெயர்களில்தான் இருந்தன.

கடிதங்களில் ஏன் இவ்வளவு பிழை என்பது எனக்கு வருஷக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு கோடி என்று சொல்லி ஏமாற்றுகிறவன், நல்ல டைப்பிஸ்ட் ஒருவரை வைத்துக்கொள்ளக் கூடாதா? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். கடிதம் அபத்தமாக இருப்பது ஏமாற்றுகிறவனுக்கு லாபம் என்பது அவர் வாதம். லட்சம் பேருக்குக் கடிதம் போட அவனுக்குச் செலவே இல்லை. பதில் போட்டவர்களோடு பேசிப் பேசி இழுப்பதற்குத்தான் நேரமும் உழைப்பும் ஆகிறது. பாதியில் விழித்துக்கொள்கிறவர் வந்தால் அவனுக்கு நஷ்டம். அதனால் சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகிப் போக வேண்டும். அப்படியானால் பிழை என்பது ஒரு சல்லடை. நான் மட்டும் அன்று வாய்விட்டுச் சிரித்திருந்தால் அண்ணாச்சியும் சல்லடையில் விலகியிருப்பார். பிழையைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். அவருடைய பதிலில் பிழை திருத்தினேன்.

போலீஸில் புகார் கொடுத்தோம். நானும் கூடப் போனேன், மூன்று சலான்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு. பணம் திரும்பி வரவில்லை. மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பியதில்தான் நகையை மீட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி வருவதற்கு முன்னால் அவர் பெட்டியைத் திறந்தேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நான் வைத்ததுதான். சர்வதேச மோசடியால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, நஷ்டஈடாக ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியிருக்கிறோம், கோப்புக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு கடிதம். ஒரு தடவை கொடுத்தவர்களின் முகவரியை வைத்துக்கொண்டு மறுபடி வருவார்கள். சில சமயம் போலீஸ் வேஷத்தில், சில சமயம் வக்கீல் வேஷத்தில். நான் யாரையும் கேட்கவில்லை. அழித்தேன், குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன். அடுத்தவர் கடிதத்தை அழிப்பது அப்பா சட்டத்தில் கொலைக்குச் சமம். அண்ணாச்சியிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை. செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு வழக்கம் வந்தது. பரிசு, பரம்பரைச் சொத்து, வெளிநாட்டு வேலைக்கு முன்பணம் என்று எந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்தாலும், அங்கேயே உரக்கப் படித்து அர்த்தம் சொல்வேன். சிலர் கோபப்பட்டார்கள். ஒரு கல்லூரி ஆசிரியர், "உங்க வேலையைப் பாருங்க மேடம்" என்று காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். படித்தவர் விழ மாட்டார் என்பதெல்லாம் வெளியிலிருந்து சொல்கிற பேச்சு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்தான் யாரையும் கேட்காமல் தானே பதில் போடுகிறார்.

2016-க்குப் பிறகு எல்லார் கையிலும் போன், போனில் மலிவான டேட்டா. கடையில் இப்போது இரண்டே கம்ப்யூட்டர். பிரிண்ட், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் இவற்றில்தான் பிழைப்பு. மின்னஞ்சல் லாட்டரி வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது. ஒரு கொத்தனார் தம்பி போனை நீட்டி, இதைக் கலரில் எடுத்துக் கொடுங்க அக்கா என்றான். கேபிசி என்ற டிவி நிகழ்ச்சியின் பெயரைப் போட்டு 25 லட்சம் என்று ஒரு படம், கூடவே இந்தியில் ஒரு குரல் பதிவு. அந்த நம்பர் +92 என்று தொடங்கியது. அது எந்த நாட்டுக் கோடு என்று கேட்டேன். தெரியவில்லை. பாகிஸ்தான் என்றதும் போனைச் சூடுபட்டதுபோல மேஜையில் வைத்தான். பிரிண்ட் எடுக்க என்னிடம் வந்ததால் அவன் தப்பித்தான். படத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் என் கடைக்கு எதற்கு வரப்போகிறார்கள்?

பணம் கட்டிவிட்டோம் என்று தெரிந்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். அண்ணாச்சி காலத்தில் அப்படி ஓர் எண் இல்லை. பணம் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன்னால் சொன்னால் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அந்த வாய்ப்பு அநேகமாகப் போய்விடும். சலான், ஸ்கிரீன்ஷாட், வந்த நம்பர் எதையும் அழிக்காதீர்கள்.

அண்ணாச்சி காலமாகிச் சில வருஷம் ஆகிறது. துக்கம் கேட்கப் போனபோது கரண்ட் இல்லை. மதினி உள்ளே போய் ஒரு விசிறியை எடுத்துவந்து என் பக்கம் வீசினார். அந்தச் சான்றிதழ்தான். தங்க முத்திரை மங்கவே இல்லை, ஓரம்கூடப் பிரியவில்லை. மின்வெட்டுக் காலம் முழுக்க அதுதான் விசிறியாம். "நல்லாத்தான் ஒட்டிக் குடுத்திருக்கீக டீச்சர்" என்றார்.

கடை இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது. பரிசு விழுந்ததாக உங்களுக்கு எது வந்தாலும் பதில் போடுவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள். என் கடை தூரம் என்றால் வீட்டில் யாரையாவது உட்கார வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பிரிண்டுக்குத்தான் காசு. படித்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.